நிக்கத்தும் சிலேட்டும்

நிக்கத் கோபமாக இருக்கிறாள் என்பதைக் காந்தி ரோட்டிலுள்ள குமாரவேலின் பட்டுக்கடையில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பின்கட்டிலிருந்து லேப்டாப் தட்டும் சத்தம் படபடவென்று வந்தால் யார்மேலோ கோபம். மெதுவாக வந்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. சத்தமே இல்லையென்றால் கரண்ட் போயிருக்கிறது. முன்கட்டு மெத்தையில் புடவை விரித்துக் காட்டும் தேவேந்திரன், உள்ளே போய் ஒரு சந்தேகம் கேட்கலாமா, இல்லை தலையைக் காட்டாமல் இருப்பதே நல்லதா என்பதை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்.

மகள் சாய்மா பால்வாடிக்குப் போன வருஷம் நிக்கத் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது சாய்மா பிளஸ் டூ. இத்தனை வருஷமும் கடைக்குள் வந்த ஒவ்வொரு புடவையும் அவள் விரல் வழியாகத்தான் கணக்கில் ஏறியது. எந்தத் தறி, என்ன நிறம், எவ்வளவு எடை, ஜரிகை என்ன, யாருக்காவது எடுத்து வைத்திருக்கிறதா, விற்றுவிட்டதா என்று எல்லாம் அவள் அடித்ததுதான். லேப்டாப்புக்கும் அவளோடு சேர்ந்து வயசாகிவிட்டது. மூடி ஒரு பக்கம் கழன்று, பின்னால் ஒரு மரப்பெட்டியை முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும். விசைகளில் பாதிக்கு எழுத்தே அழிந்துவிட்டது. வேறு யாராவது உட்கார்ந்தால் தடவிக்கொண்டு கிடப்பார்கள். நிக்கத் விசையைப் பார்ப்பதே இல்லை. இடது கையால் புடவைச் சீட்டைப் புரட்டி, வலது கையால் எண்களைத் தட்டி, தோளில் போனை இடுக்கிக்கொண்டு வீட்டுக்காரர் மொஹசினிடம் என்ன மீன் வாங்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருப்பாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்த லேப்டாப்பைத்தான் ஜெயக்குமார் பிடுங்கிக்கொண்டான்.

ஜெயக்குமார் முதலாளி குமாரவேலின் பிள்ளை. சென்னையில் ஏதோ வியாபாரக் கண்காட்சிக்குப் போனவன், சும்மா வராமல் டேப்லெட்டுகளை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“அக்கா, இனிமே லேப்டாப்பெல்லாம் வேணாம். இதுலயே போட்டோ எடுக்கலாம், பார்கோடு அடிக்கலாம், மெத்தையில உக்காந்துக்கினே என்ட்ரி போடலாம். என் ஃபிரெண்டு ஆப் பண்ணிக் குடுத்திருக்கான்.”

“கீபோர்டு எங்கப்பா?”

“ஸ்க்ரீன்லயே வரும்க்கா.”

வந்தது. வந்து பாதித் திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது. நிக்கத் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். “ஒண்ணாங் கிளாஸ்ல சிலேட்டு குடுத்தாங்க. திரும்பியும் அங்கயே கொண்டாந்து வுட்டுட்டியா?” என்றாள். அன்றிலிருந்து கடையில் அதற்குச் சிலேட்டு என்றே பெயர் நிலைத்தது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், ஜெயக்குமார் அடுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால். “ஆவணி முகூர்த்தம் முடியற வரைக்கும் ஓட்டிப் பாக்கலாம்க்கா. நல்லா ஓடிச்சுன்னா மெத்தையில இருக்கறவங்களே என்ட்ரி போட்டுப்பாங்க. உங்களுக்கு வேற ஏதாச்சும் பாத்துக்கலாம்.” லேப்டாப்பை மடக்கி அப்பாவின் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டினான். வேற ஏதாச்சும் என்றால் என்ன என்று நிக்கத் கேட்கவில்லை. பட்டுக்கடையில் அவளுக்கு வேறு ஏதும் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

சிலேட்டோடு அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எடைக் கட்டத்தைத் தொட்டால் நிறத்தின் கட்டம் திறக்கும். அதை மூடப் போனால் திரை வழுக்கிக்கொண்டு எங்கோ மேலே ஓடும். தறிக்காரர் பெயரைப் பார்த்தால் விற்பனை மறையும், விற்பனையைப் பார்த்தால் தறிக்காரர் காணாமல் போவார். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்து வேலை செய்தவளுக்கு, சாவித் துவாரத்தின் வழியாகக் கல்யாணம் பார்ப்பது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் தொடாவிட்டால் சிலேட்டு தூங்கிவிடும். எழுப்பினால் விரல் ரேகை கேட்கும். சீட்டுகளைப் புரட்டிப் புரட்டித் தேய்ந்துபோன அவள் விரலைப் பார்த்து, நீ யாரென்று தெரியவில்லை என்று சொல்லும். “நான் யாருன்னு ஒனக்குத் தெரியலயா? ஒன்ன வாங்கறதுக்கு முன்னாடிலருந்து இங்க இருக்கறவடி நான்!” என்று அவள் போடும் சத்தம் தெருவரைக்கும் போகும். போட்டோவும் பார்கோடும் மட்டும் உண்மையிலேயே சட்டென்று முடிந்தன. இதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு அழகு, திரையின் அடியில் இருந்த இரண்டு பெரிய பொத்தான்கள். மெத்தை ஓரத்திலும் ஒரு சிலேட்டு கிடந்ததால், மெத்தைக்காரர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று வைத்ததாம். பச்சையைத் தொட்டால் புடவை விற்றாயிற்று என்று ‘டிங்’ சத்தம் கேட்கும், வியாபார இரைச்சலில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிவப்பைத் தொட்டால், யாருக்காகவோ எடுத்து வைத்த புடவை விடுபட்டுவிடும்.

இந்த ரகளைக்கு நடுவில்தான் ஒரு மூட்டை புடவை வந்தது. வழக்கமாக நெய்தவரே புடவையைக் கொண்டுவருவார், எடை போடும்போது கூடவே நிற்பார், ஏதாவது ஒன்றுக்குத் தகராறு செய்துவிட்டுத்தான் போவார். இந்த மூட்டையோ வெளியூர் வண்டியில் வந்து இறங்கியது. கூட ஆள் இல்லை.

“இதுக்கு ஜரிகை என்னன்னு போடட்டும் முதலாளி?”

குமாரவேல் நிமிர்ந்து பார்க்காமலே, “சுத்தம்னு போட்டுடும்மா. ஆவணிக்குச் சரக்கு பத்தல,” என்றார்.

போட்டாள். அந்த ஒரு வார்த்தையைச் சிலேட்டில் ஏற்றுவதற்குள்ளேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. மேலே கேள்வி கேட்கத் தெம்பில்லை.

முகூர்த்த நாட்கள் நெருங்க நெருங்கக் கணக்கு கோணிக்கொண்டு போனது. அலமாரியில் கண்ணெதிரே இருக்கும் புடவை விற்றுவிட்டதாகச் சிலேட்டு சொன்னது. தேடி எடுத்துத் திருத்தினால் மறுநாள் வேறொன்று. கடைசியில் ஆரணியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். முன்பே பார்த்துப் பிடித்துப்போய், எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போன அரக்கு நிறப் புடவை, முந்தின நாள் வேறு யாருக்கோ விற்றுப் போயிருந்தது. எடுத்து வைத்ததற்கான குறியே சிலேட்டில் இல்லை. மாப்பிள்ளையின் அத்தை கடை நடுவில் நின்று போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர்கள் படியிறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அவர்கள் போனதும் ஜெயக்குமார் பின்கட்டுக்கு வந்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேணும்னே பண்றீங்களா?”

நிக்கத் கையிலிருந்த சீட்டுகளைக் கீழே வைத்தாள். முதல் நாளிலிருந்து தெருவே கேட்கச் சிலேட்டைச் சபித்தவள் அவள்தான். ஏதாவது குளறுபடி என்றால் பழி வேறு யார்மேல் விழும்? ஆனால் அவள் எத்தனை திட்டினாலும், தப்பாக ஒரு கட்டத்தை நிரப்ப அவள் விரலே ஒத்துக்கொள்ளாது. அதை எப்படி எடுத்துச் சொல்வது? வாசலில் குமாரவேல் வந்து நின்றார். “ஆவணியோட முடிச்சிக்கலாம்மா. ஒனக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

செவிலிமேட்டு வீட்டில் மொஹசின், போனால் போகட்டும், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். “வேற எடத்துல மட்டும் என்ன வெச்சிருப்பாங்க? அங்கயும் இந்தச் சிலேட்டுதான் வெச்சிருப்பாங்க!” என்று அவர்மேல் பாய்ந்தாள். பாவம், அவர் மீனைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நிக்கத் பின்கட்டுக்குப் போகவில்லை. மெத்தையின் ஓரத்தில் கிடந்த சிலேட்டிடம் போனாள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டாள்.

“இன்னாம்மா, குளுருதா?” என்றார் தேவேந்திரன்.

“கையைக் கட்டிக்கினு உக்காந்திருக்கேண்ணா. பில்லு போடறதுக்கு மட்டும்தான் வெளிய எடுப்பேன். இன்னைக்கு எது தப்பாப் போனாலும் என் கை அங்க இல்லன்னு நீங்கதான் சாட்சி.”

மத்தியானத்துக்கு மேல் ஓர் அம்மாள் தனியாக வந்தாள். பெயர் வடிவாம்பாள், ஊர் கூரம், அங்கன்வாடியில் சமைத்து ஓய்வு பெற்றவள். மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும். கூட யாரையாவது அழைத்து வந்திருக்கலாமே என்று தேவேந்திரன் கேட்டதற்கு, “கூட்டியாந்தா ஆளுக்கு ஒரு கலர் சொல்லுவாங்கப்பா. எம் பொண்ணு சொன்ன கலரு எனக்கு மனப்பாடம்,” என்றாள். உட்கார்ந்த கையோடு பையிலிருந்து வேர்க்கடலை உருண்டையை எடுத்து நிக்கத்திடம் நீட்டினாள். நிக்கத் துப்பட்டாவுக்குள் இருந்த கையைக் கண்ணால் காட்டினாள். வடிவாம்பாள் காரணம் கேட்கவில்லை. “சரி, வாயத் தொற,” என்று உருண்டையை உடைத்து அவள் வாயிலேயே போட்டாள். அங்கன்வாடிக் கை அல்லவா.

மயில் கழுத்து நிறத்தில் பெரிய கரை போட்ட ஒரு புடவை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மகள் சொன்ன நிறம். அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள். “எதுக்கும் இன்னும் ரெண்டு பாத்துடுங்கம்மா,” என்று தேவேந்திரன் மாம்பழ மஞ்சளில் ஒன்றை எடுத்தார்.

புடவையை உதறி விரிப்பது தேவேந்திரனுக்குக் கைவந்த கலை. ஒரு முனையைப் பிடித்து ஓர் உதறு. முந்தி நேராக வாடிக்கையாளரின் எதிரில் போய் விழும். உடனே உள்ளங்கையால் கரையோடு நீளமாக ஒரு தடவு. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை மெத்தையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் நாள் முழுக்கச் செய்கிற காரியம்தான். மாம்பழ மஞ்சளின் முந்தி, சற்று முன் பில் போட்டு இன்னும் தூங்காமல் இருந்த சிலேட்டின் மேல் விழுந்தது. தேவேந்திரன் தடவினார்.

டிங்.

எல்லோரும் நிக்கத்தின் கையைப் பார்த்தார்கள். கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

“அண்ணா, இன்னொரு வாட்டி தடவுங்க,” என்றாள். தடவினார். டிங்.

“பாத்தியா? பாத்தியாப்பா? நானா பண்ணேன்? நானா?” நிக்கத் எழுந்தே விட்டாள், உள்ளே இருந்த ஜெயக்குமாரைப் பார்த்துக் கத்தினாள். “இந்த மெத்தையில தடவறதெல்லாம் உன் சிலேட்டுல ஏறுது! இப்படித் தடவினதுல செவப்பு அமுங்கித்தான் ஆரணிக்காரங்க புடவையும் போச்சு!”

ஜெயக்குமார் ஓடிவந்தான். கைக்குட்டையை விரித்துத் தடவிப் பார்த்தான், சத்தமில்லை. ஜரிகையே இல்லாத ஒரு புடவையை வைத்துத் தடவினான், ஒன்றும் இல்லை. ஜரிகைக் கரையை வைத்தான், டிங். அவனுக்கு விஷயம் பிடிபட்டது. “ஜரிகையில வெள்ளி இருக்குதுல்லக்கா. மேல கை வெச்சா, இது அதையே விரல்னு நெனச்சுக்குது. சாரிக்கா, நான்தான் தப்பா பேசிட்டேன்.” சாரியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, புது பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி வடிவாம்பாள் பக்கம் திரும்பினான். “பாருங்கம்மா, எங்க கடையில எல்லாம் சுத்த ஜரிகை. மெஷினே சொல்லுது!”

“அப்போ இத்தயும் வெச்சுப் பாருப்பா,” என்று வடிவாம்பாள் மடியிலிருந்த புடவையைக் கொடுத்தாள்.

மயில் கழுத்தின் கரையை வைத்துத் தடவினான். சத்தமில்லை. அழுத்தித் தடவினான். புரட்டி வைத்தான். தேவேந்திரன் தடவினார். மாம்பழ மஞ்சளை வைத்தால் டிங், இதை வைத்தால் ஊமை. நிக்கத் புடவையின் சீட்டைப் பார்த்தாள். ஆளில்லாமல் வந்த மூட்டையில் இருந்தது. சுத்தம் என்று அவளே போட்டது.

கல்லாவில் இருந்த குமாரவேல் எழுந்து வந்தார். மகனின் முகத்தைப் பார்க்காமல் சிலேட்டைக் கையில் எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் நிக்கத்துக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு இது புதுச் செய்தி இல்லை.

“இது ஒரு மெஷினாம்மா, காலைல ஒண்ணு சொல்லும், சாயந்தரம் ஒண்ணு சொல்லும்,” என்று வடிவாம்பாளிடம் சிரித்தார். “இதோ, இந்தப் பொண்ணையே கேளுங்க. கடையில கம்ப்யூட்டரு எல்லாம் இவதான். நிக்கத்மா, நீ சொல்லும்மா. இது சரியில்லதானே? மொத நாள்லருந்து நீதானே சொல்லிக்கினு இருக்க? டேய் ஜெயா, பீரோவத் தொறந்து அந்த லேப்டாப்ப எடுத்தாடா. இனிமே பழையபடியே நடக்கட்டும்.”

இத்தனை நாளாக நிக்கத் கேட்டதெல்லாம் இதுதான். தொண்டை வற்றக் கத்தியதும் இதற்காகத்தான். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் புது வார்த்தைகூட இல்லை, தினமும் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை.

“சரியில்ல முதலாளி. ஆரம்பத்துலருந்தே சரியில்ல.”

“நல்ல வேள சொன்னம்மா, பயந்தே பூட்டேன்,” என்று வடிவாம்பாள் மயில் கழுத்தைத் திரும்ப மடியில் இழுத்துக்கொண்டாள்.

லேப்டாப் வந்தது. ஜெயக்குமார் தானே தூசி துடைத்து, மூடிக்குப் பின்னால் மரப்பெட்டியை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு, தலை நிமிராமல் போனான். நிக்கத் உட்கார்ந்தாள். அன்றைய விற்பனையை ஏற்ற வேண்டும். மயில் கழுத்து, பெரிய கரை, ஜரிகை சுத்தம், விற்றாயிற்று. விசைகள் விரலுக்கு அடியில் சொன்ன சொல் கேட்டன. லேப்டாப் எதையும் கேட்பதில்லை. எதை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறது. ஒரு வரியை ஏற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போக அவளுக்கு நேரமாயிற்று.

தேவேந்திரன் மெத்தையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா, வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்லண்ணா,” என்றாள்.

சாயந்தரம் சீக்கிரமே கிளம்பிப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். செவிலிமேட்டு டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில், சிமென்ட் பெஞ்சில் வடிவாம்பாள் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூரம் பஸ் இன்னும் வரவில்லை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடலாம் என்று நிக்கத் நினைப்பதற்குள் அந்த அம்மாள் பார்த்துவிட்டாள்.

“ஏம்மா, இங்க வா. இப்ப கைக்கட்டு அவுந்துடுச்சா?” பக்கத்தில் இடம் விட்டாள். பையைத் திறந்து கரையை வெளியே எடுத்தாள். “தொட்டுப் பாரு. நல்லாத்தானே எடுத்திருக்கேன்? பொண்ணு கேப்பா, யாரைக் கேட்டு எடுத்தன்னு. கடையில ஒரு பொண்ணு இருந்துச்சு, புடவையோடவே இருக்கறவ, அவ சொன்னான்னு சொல்லிடுவேன்.”

நிக்கத்துக்குத் தலைகால் புரியாத கோபம் வந்தது. குமாரவேல் மேல், அவர் பிள்ளை மேல், அந்தச் சிலேட்டு மேல். நேரத்துக்கு வராத கூரம் பஸ் மேல். அது ஒழுங்காக வந்திருந்தால் இந்த அம்மாள் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள், இவளும் பீரோவிலிருந்து மீண்ட லேப்டாப்போடு நிம்மதியாக இருந்திருப்பாள். எல்லாவற்றையும்விட, மத்தியானம் வாயில் போட்ட அந்த வேர்க்கடலை உருண்டை மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

“மெஷின் சரியாத்தான் இருக்குதும்மா,” என்றாள். “நான்தான் பொய் சொன்னேன்.”

கரையைப் பிடித்திருந்த வடிவாம்பாளின் கை அப்படியே நின்றது. “ஏம்மா அப்படிச் சொன்ன?” என்று கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நிக்கத் திருப்பித் திட்டியிருப்பாள்.

“ஒரு லேப்டாப்புக்காக.”

அந்த அம்மாளுக்கு அது விளங்கியதோ இல்லையோ, புடவையை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. நிக்கத் அந்தப் பையை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க. கடை சாத்தறதுக்குள்ள போயிடலாம். பில்லு பத்திரமா இருக்குதில்ல? நான் கூட வரேன். அந்த மாம்பழ மஞ்சளு டிங்குனு சொல்லுச்சே, இல்ல மயில் கழுத்துலயே வேற இருக்குதான்னு பாப்போம். எல்லாத்தையும் சிலேட்டுல வெச்சுத் தடவித்தான் எடுக்கணும், சொல்லிட்டேன். முதலாளி என்ன சொன்னாலும் சொல்லட்டும்.”

“ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

“ஆவும். ஆவாம என்ன? லேப்டாப்பு திரும்பியும் பீரோவுக்குள்ள போயிடும். வேல இருந்தா அந்தச் சனியன் புடிச்ச சிலேட்டக் கட்டிக்கினு அழணும், இல்லன்னா வீட்ல உக்காரணும். நடங்கம்மா வேகமா.”

இருவரும் பஸ் ஸ்டாண்டு வாசலைத் தாண்டும்போது, எதிரில் கூரம் பஸ் திரும்பி உள்ளே நுழைந்தது.

“இப்ப வருது பாரு!” என்று நிக்கத் அதையும் திட்டிக்கொண்டே நடந்தாள்.